ஸ்டாக் வாத்தியார்

பள்ளிக்கூடத்து டைம் டேபிளில் மிகவும் பரிதாபத்துக்குரிய ஜீவன் எது என்று யாராவது கேட்டால், விளையாட்டு வகுப்புத்தான் என்று தயங்காமல் சொல்லுவோம். கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லையா? விளையாட்டு வகுப்பைக் கேட்டு வாங்கிக் கொள்வார். பரீட்சை நெருங்கிவிட்டதா? முதலில் மறைவது விளையாட்டு வகுப்பு. ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட வேண்டுமா? மைதானத்தின் நட்டநடுவில்தான் முதல் குழி தோண்டுவார்கள்.

நேயர்களிடம் ஒளிப்பானேன்? இந்தத் திருட்டில் நாமும் பங்காளிதான். இத்தனை வருஷ உத்தியோகத்தில் எத்தனை விளையாட்டு வகுப்புகளை விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறோம் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. சென்ற வாரம் அப்படி ஒரு வகுப்பைக் கேட்கப் போனபோது, நம் டிரில் மாஸ்டர் வழக்கம் போல் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு, "எடுத்துக் கொள்ளுங்கள், சார். ஆனால் ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள். நானும் வாத்தியார்தானா, இல்லையா?" என்று கேட்டார்.

நமக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வகுப்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அன்று எடுத்த பாடம் பிள்ளைகள் மண்டையில் ஏறியதோ இல்லையோ, அந்தக் கேள்வி நம் மண்டையில் ஏறிவிட்டது. இதே கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு மனிதர் ஏறக்குறைய எழுபது வருஷம் மைதானத்தில் நின்று பதில் சொல்லியிருக்கிறார். அவருடைய பெயர் ஆமோஸ் அலோன்ஸோ ஸ்டாக்.

1862-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 16-ந் தேதி, நியூஜெர்ஸி மாகாணத்தில் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் அவர் பிறந்தார். தகப்பனார் செருப்புத் தைத்துப் பிழைத்தவர். வீட்டில் குழந்தைகள் பலர், வருமானம் சொற்பம். சில்லறை வேலைகள் செய்து, அரை வயிறு உண்டு, பிராயம் சற்று மிஞ்சிய பிறகே யேல் சர்வகலாசாலையில் சேர்ந்து, 1888-ல் பட்டம் பெற்றார். பாதிரியாராக வேண்டும் என்பது அவருடைய ஆசை.

யேலில் அவர் புகழ் பெற்றது பேஸ்பாலிலும் புட்பாலிலும். இந்த இரண்டைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. பேஸ்பால், கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. உருண்டைக் கட்டையால் பந்தை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த மூலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே ஓடித் திரும்ப வேண்டும். அமெரிக்கர்கள் புட்பால் என்று சொல்லுவதோ, நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. அந்தப் பந்து இரு முனையிலும் கூர்மையாக இருக்கும். அதைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடலாம். ஓடுகிறவனை எதிர்க் கட்சியார் பாய்ந்து கீழே வீழ்த்தலாம். மல்யுத்தமும் சடுகுடுவும் கலந்த ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்பாலில் பந்து எறிவதில் ஸ்டாக் நிகரற்றவராக இருந்தார். பணம் கொடுத்து ஆட்டக்காரர்களை அமர்த்தும் கட்சிகள் அவரை வருந்தி அழைத்தன. கையில் காசில்லாத பிள்ளை, ஆயினும் மறுத்துவிட்டார். காசுக்காக ஆடும் கூட்டத்தின் நடத்தை அவருக்குப் பிடிக்கவில்லை. புட்பாலில், 1889-ல் முதல் முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அகில அமெரிக்க காலேஜ் ஆட்டக்காரர்கள் பதினொருவரில் அவரும் ஒருவர்.

இவ்வளவு இருந்தும் பாதிரியார் ஆகும் எண்ணம் நிறைவேறவில்லை. காரணம் விசித்திரமானது. மேடையில் ஏறினால் அவருக்குப் பேச்சு வரவில்லை! வேத சாஸ்திரப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, 1890-ல் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்பீல்டு என்னும் ஊரிலிருந்த ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். பிரசங்கத்தால் செய்ய முடியாததை விளையாட்டால் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அந்தப் பள்ளியில் அவருக்குச் சகாவாக வாய்த்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். குளிர்காலத்தில் கட்டடத்துக்குள்ளே ஆடுவதற்கு ஓர் ஆட்டம் வேண்டுமென்று, 1891-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் கூடைப்பந்தை உண்டாக்கியவர் அவர்தான். அடுத்த மார்ச்சு மாதம் பொது ஜனங்கள் முன்னிலையில் வாத்தியார்களும் மாணாக்கர்களும் முதல் பந்தயம் ஆடினார்கள். மாணாக்கர்கள் ஐந்து, வாத்தியார்கள் ஒன்று. அந்த ஒன்றைப் போட்டு வாத்தியார் குலத்தின் மானத்தைக் காத்தவர் ஸ்டாக்!

1892-ல் சிக்காகோ நகரில், ராக்பெல்லரின் பொருளுதவியுடன் புதிய சர்வகலாசாலை ஒன்று திறக்கப்பட்டது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், யேலில் ஸ்டாக்குக்குப் போதித்த பேராசிரியர். அவர் தம் பழைய சிஷ்யரை அழைத்தார். அது வரையில் காலேஜ்களில் விளையாட்டுப் பயிற்சியாளர் என்றால் பருவத்துக்குப் பருவம் வந்து போகிற கூலிக்காரர் மாதிரிதான். ஹார்ப்பரோ, தேகப் பயிற்சி இலாகா என்று ஒன்றை ஏற்படுத்தி, அதன் தலைமையை ஸ்டாக்குக்குக் கொடுத்து, மற்றப் பேராசிரியர்களுக்கு உள்ளது போன்ற நிரந்தரப் பதவியையும் அளித்தார். கிரேக்கமும் ரசாயனமும் கற்பிக்கிறவர்களுடைய வரிசையில், பந்து எறியக் கற்பிக்கிறவருக்கும் ஒரு நாற்காலி! நம் டிரில் மாஸ்டர் கேட்ட கேள்விக்கு ஹார்ப்பர் 1892-லேயே 'ஆம்' என்று எழுத்து மூலம் பதில் சொல்லிவிட்டார்.

அந்த நாற்காலியில் ஸ்டாக் நாற்பது வருஷம் இருந்தார். உட்கார்ந்தார் என்று சொல்ல முடியாது. முதல் வருஷத்தில் ஆள் போதாமல் தாமே மாணாக்கர்களுடன் சேர்ந்து ஆடினார். புட்பாலுடன், 1893 முதல் 1913 வரை, இடையில் ஒரே ஒரு வருஷம் நீங்கலாக, பேஸ்பாலும் சொல்லிக்கொடுத்தார். ஓட்டப் பந்தயங்களும் அவர் பொறுப்பில் இருந்தன. மெத்தையைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் பாய்ந்து பழகும் வழக்கமும், வலைக்கூண்டுக்குள் நின்று பேஸ்பால் அடித்துப் பழகும் வழக்கமும் அவர் தொடங்கியவை என்று சொல்லுவார்கள்.

புகை, மது இரண்டையும் அவர் தொட்டதில்லை. கெட்ட வார்த்தை வாயில் வராது. கோபம் எல்லை மீறினால் "கழுதை!" என்பார். இன்னும் மீறினால் "இரட்டைக் கழுதை!" அதற்கு மேல் அவருடைய அகராதியில் வசை இல்லை என்று பழைய மாணாக்கர்கள் சொல்லிச் சிரிப்பதுண்டு. அவரைப் பற்றி வழங்கும் கதை ஒன்று உண்டு. பேஸ்பால் பந்தயத்தில் அவருடைய பையன் ஒருவன் ஒரு மூலையைத் தொடாமலே ஓடி வந்து, ஜயத்துக்குரிய ஓட்டத்தை எடுத்துவிட்டானாம். நடுவர் கவனிக்கவில்லை. ஸ்டாக் கவனித்தார், பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார். கதை உண்மையோ அல்லவோ, அவர் பெயரில் அது வழங்குகிறது என்பதே ஒரு நற்சாட்சிப் பத்திரம் அல்லவா?

அவர் மனைவி ஸ்டெல்லா அம்மையாரைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். சிக்காகோவில் மாணவியாக இருந்தவரை 1894-ல் ஸ்டாக் மணந்தார். ஆட்டம் நடக்கும்போது மேலே அமர்ந்து ஒவ்வொரு நகர்வையும் காகிதத்தில் வரைந்து கணக்கு வைப்பார் அம்மையார். எதிர்க் கட்சியின் ஆட்டத்தை முன்கூட்டியே போய்ப் பார்த்துக் குறித்துக்கொண்டு வருவதும் உண்டு. எழுபது வருஷ தாம்பத்தியம் அப்படி நடந்தது. ஆண் பிள்ளைகள் இருவரும் தகப்பனார் தொழிலையே மேற்கொண்டார்கள்.

சிக்காகோவின் பேஸ்பால் கட்சி 1910-ல் ஜப்பானுக்குக் கப்பலேறி, வாஸேதா, கேயோ சர்வகலாசாலை மாணாக்கர்களுடன் ஆடியது. 1930 வரையில் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இந்தப் பயணம் நடந்தது. வாஸேதாவின் பிள்ளைகளும் சிக்காகோவுக்குப் போய் ஆடினார்கள். கீழ்த்திசையாரை மேல்திசையார் சமமாக மதித்து நடந்த இடங்கள் அந்நாளில் மிகச் சில. பந்தாடும் களம் அவற்றில் ஒன்று.

இது வரையில் சொன்னது வெளிச்சம். ஆனால் விளக்குக்கு அடியில் இருட்டு இருப்பதையும் சொல்லாவிட்டால் அது முகஸ்துதி ஆகிவிடும்.

புட்பால் பார்க்க ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். டிக்கெட்டுப் பணம் வந்து குவிந்தது. புதிய சர்வகலாசாலைக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறு இல்லை என்று ஹார்ப்பர் கண்டுகொண்டார். காசுக்கு ஆட மறுத்த ஸ்டாக், காசு கொழிக்கும் ஆட்டத்துக்கு அதிபதியானார். மாகாணங்களிலிருந்து ஹைஸ்கூல் பிள்ளைகளைப் போட்டிக்கு வரவழைத்து, கெட்டிக்காரர்களைச் சிக்காகோவுக்கு இழுக்கும் வித்தையிலும் அவர் தேர்ந்தார். அந்நாளில் நாடே கொண்டாடிய வால்ட்டர் எக்கர்சால் அவருடைய ஆட்டக்காரர். மூன்று தடவை அகில அமெரிக்கக் கட்சியில் இடம் பெற்ற அந்தப் பிள்ளை, சர்வகலாசாலையைவிட்டு வெளியேறியபோது கையில் பட்டம் இல்லை. பந்தைச் சொல்லிக்கொடுத்த வாத்தியார், புத்தகத்தையும் எடுக்கச் சொல்லியிருக்க வேண்டாமா என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

1905-ஆம் வருஷத்தில் நிலைமை முற்றிவிட்டது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் அமெரிக்காவில் பதினெட்டுப் பத்தொன்பது பேர் புட்பால் ஆடி உயிரிழந்தார்கள் என்று பத்திரிகைகள் கணக்கிட்டன. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டே பெரிய காலேஜ்களின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து எச்சரித்தார். விதிகளைத் திருத்தும் சபையில் ஸ்டாக்கும் இருந்தார். 1906-ல் பந்தைக் கையால் முன்னோக்கி எறியலாம் என்று விதி மாறிற்று. முட்டி மோதும் கும்பல் கலைந்து, மைதானம் விரிந்தது. முரட்டு ஆட்டம் மூளையின் ஆட்டமாக மாறத் தொடங்கியது. அந்தப் புது முறையை முன்வந்து வளர்த்தவர்களில் ஸ்டாக் முக்கியமானவர்.

அதே 1905-ஆம் வருஷம் நவம்பர் 30-ந் தேதி, சிக்காகோவும் மிச்சிகனும் மோதின. மிச்சிகன் ஐம்பத்தாறு பந்தயங்களாகத் தோல்வி அறியாத கட்சி. வெகு நேரம் இரு புறமும் ஒரு புள்ளியும் இல்லை. முடிவில் மிச்சிகன் ஆட்டக்காரர் ஒருவர் பந்துடன் தம் எல்லைக் கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்தப்பட்டார். அதற்கு எதிரிக்கு இரண்டு புள்ளி. சிக்காகோ இரண்டு, மிச்சிகன் சைபர். ஊர் ஆரவாரித்தது. ஸ்டாக்கின் வாழ்வில் மகத்தான வெற்றி என்று இன்றும் அதைத்தான் குறிப்பிடுவார்கள்.

வீழ்ந்த பிள்ளை என்ன ஆனார்? தோல்விக்கெல்லாம் அவர்தான் காரணம் என்று பழி சுமத்தினார்கள். பட்டம் பெற்று, உத்தியோகம் பார்த்து, குடும்பஸ்தராகி, இருபத்தேழு வருஷம் கழிந்த பிறகு 1932-ல் அவர் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். அன்றைய பத்திரிகைகள் அந்தப் பழைய பந்தயத்தை நினைவூட்டி எழுதின. ஒரு மனிதர் ஏன் அப்படிச் செய்தார் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் ஒரு சிறுவனின் கால் சறுக்கலை அவன் தலைவிதியாக ஆக்கிவிடும் ஜனக் கூட்டத்தை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

அந்த 1932-ஆம் வருஷத்துடன்தான் ஸ்டாக்கின் சிக்காகோ வாழ்வும் முடிந்தது. எழுபது பிராயம் ஆனவர்கள் ஓய்வு பெற வேண்டும் என்பது சர்வகலாசாலையின் விதி. அப்போதைய தலைவர் ராபர்ட் ஹச்சின்ஸ், விளையாட்டு வெறி கல்விக்குச் சத்துரு என்று கருதியவர். விதியைத் தளர்த்த அவர் இசையவில்லை. வேறு கௌரவ வேலை ஒன்று தருவதாகச் சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காத வேலை எனக்கு எதற்கு என்று ஸ்டாக் வேண்டாமென்றுவிட்டார்.

நம்மில் பலர் எழுபதில் சாய்வு நாற்காலியைத் தேடுவோம். அவர் கலிபோர்னியாவுக்கு ரெயில் ஏறினார். ஸ்டாக்டன் நகரில் பஸிபிக் காலேஜ் என்னும் சிறிய கலாசாலையில் 1933 முதல் 1946 வரை பயிற்சி தந்தார். 1938-ல் அந்தச் சின்னக் காலேஜ் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சிக்காகோவுக்கே போனார். தம் பெயரே சூட்டப்பட்டிருந்த 'ஸ்டாக் மைதானத்தில்', தாம் வளர்த்த பழைய கட்சியை 32-க்கு சைபர் என்று தோற்கடித்தார். அடுத்த வருஷம் மிச்சிகன் அதே சிக்காகோவை 85-க்கு சைபர் என்று நசுக்கியது. 1939 டிசம்பரில் ஹச்சின்ஸ் சிக்காகோவில் புட்பாலையே ஒழித்துவிட்டார். 1969-ல்தான் அது முழு உரிமையுடன் அங்கே மீண்டும் பிறந்தது.

வெறிச்சோடிய அந்த மைதானத்துக்கு நேர்ந்த கதியைக் கேளுங்கள். 1942-ஆம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி, மேற்குப் பக்கத்து ஆசனப் படிகளுக்கு அடியில், என்ரிகோ பெர்மியும் அவர் சகாக்களும் மனிதன் செய்த முதல் அணுத் தொடர் வினையை நடத்திக் காட்டினார்கள். பந்து ஓடிய இடத்தில் அணு பிளந்தது. பிற்பாடு ஆசனப் படிகளை இடித்துவிட்டார்கள். அந்த மைதானத்தின் மேல் சர்வகலாசாலையின் பெரிய புத்தகசாலை எழும்பி, 1970-ல் திறக்கப்பட்டது.

ஸ்டாக்கோ ஓயவில்லை. 1943-ல், எண்பத்தொன்றாவது பிராயத்தில், அவ்வருஷத்தின் சிறந்த பயிற்சியாளர் என்று சக பயிற்சியாளர்கள் அவரைத் தேர்ந்தார்கள். 1947 முதல் 1952 வரை பென்ஸில்வேனியாவில் ஸஸ்குவெஹானா சர்வகலாசாலையில், தம் மூத்த பிள்ளைக்குத் துணையாக நின்று சொல்லிக்கொடுத்தார். மனைவிக்கு உடம்பு தளரவே ஸ்டாக்டனுக்குத் திரும்பி, தொண்ணூறைக் கடந்த பிராயத்திலும் அவ்வூர் ஜூனியர் காலேஜ் பையன்களுக்குப் பந்து உதைக்கும் முறையைக் காட்டிக்கொண்டிருந்தார். 1964-ல் ஸ்டெல்லா அம்மையார் காலமானார். 1965 மார்ச்சு 17-ந் தேதி அவரும் பின்தொடர்ந்தார். அப்போது பிராயம் 102. புட்பாலில் அவர் பெற்ற வெற்றிகள் 314 என்பது வழக்கமான கணக்கு. 1981-ல் அலபாமாவின் 'பேர்' பிரயண்ட் அதைத் தாண்டினார்.

ஆனால் அவரே அந்தக் கணக்கை நம்பவில்லை. ஒரு நல்ல பருவத்தின் முடிவில், இந்த வருஷக் கட்சி எப்படி என்று யாரோ கேட்டபோது, இருபது வருஷம் கழித்து வாருங்கள், இந்தப் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று பார்த்துச் சொல்லுகிறேன் என்றாராம். இந்த அளவுகோலால் அவரையே அளந்தால், பட்டமில்லாமல் போன எக்கர்சாலும் கணக்கில் வருவார்; எதிர்க் கட்சியில் வீழ்ந்த பிள்ளையும் வருவார். நேர்மையும் உழைப்பும் கற்றுக்கொண்டு வாழ்ந்த பெயர் தெரியாத நூற்றுக்கணக்கானவர்களும் வருவார்கள். வாத்தியார் வேலையே அப்படித்தான். மார்க்கு உடனே தெரியும். பலன் தெரிய நாள் ஆகும்.

சிக்காகோ இரண்டு தவறுகள் செய்தது என்று நமக்குத் தோன்றுகிறது. முதலில் விளையாட்டு வாத்தியாரை விளம்பரக்காரராக்கியது. பிறகு, விளம்பரம் கசந்ததும், வாத்தியாரையும் ஆட்டத்தையும் சேர்த்து வெளியே அனுப்பியது. வாத்தியாராக மட்டும் வைத்திருந்தால் இரண்டுக்கும் அவசியம் நேர்ந்திராது. சிறிய காலேஜ்களில், டிக்கெட்டுக் கூட்டம் குறைந்த இடங்களில், ஸ்டாக் கடைசி வரையில் வாத்தியாராகவே இருந்தார்.

இதெல்லாம் தொலைதேசத்துச் சங்கதி என்று நினைக்க வேண்டாம். ஸ்டாக் பயின்ற அதே ஸ்பிரிங்பீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் 1919-ல் சென்னைக்கு வந்தார். அடுத்த வருஷமே தேகப் பயிற்சி ஆசிரியர்களுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கினார். நந்தனத்தில் இன்றும் நடந்துவரும் ஒய்.எம்.ஸி.ஏ. தேகப் பயிற்சிக் கல்லூரி அதுதான். 1924-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்துக்கு இந்திய வீரர்களைப் பயிற்றி அழைத்துச் சென்றவர் பக். அதே பந்தயத்தில் அமெரிக்க ஓட்டக்காரர்களின் பயிற்சியாளர்களில் ஒருவராக ஸ்டாக்கும் இருந்தார். 1943-ல் காலமாகும் வரையில் பக் துரை இந்த நாட்டுக்கே உழைத்தார். நம் ஊர்களில் விசிலும் கையுமாக வெயிலில் நிற்கும் டிரில் மாஸ்டர்களில் எத்தனையோ பேர் அந்தப் பள்ளியின் வழி வந்தவர்கள். குரு பரம்பரை என்று பார்த்தால், ஸ்டாக் அவர்களுக்குப் பெரிய தாத்தா முறை.

நேற்று டிரில் மாஸ்டரைத் தேடிப் போனோம். அவர் மைதானத்து வேப்பமரத்தடியில், முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட ஒரு பொடியனுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும், "இன்றைக்கும் வகுப்பு வேண்டுமா, சார்?" என்றார்.

"வேண்டாம். போன வாரம் எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்க வந்தோம். வெள்ளிக்கிழமை நம்முடைய கடைசி மணியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம்.

அவர் சற்று நேரம் நம்பாமல் பார்த்தார். பொடியன் நம்பிவிட்டான். சிராய்ப்பை மறந்து, செய்தி சொல்ல வகுப்பைப் பார்த்து ஓடினான்.